நெல்லில் ஈரம் இல்லை

அருப்புக்கோட்டை
12 அக்டோபர் 2024

அன்புத் தம்பி முஸாஃபருக்கு, அண்ணன் ஜமால் மைதீன் துஆ ஸலாத்துடன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜா வெயில் உன்னை விட்டுவைத்திருக்கிறதா? வயிற்றுப் புண்ணுக்கு மோர் குடி, அந்த ஊர் சோடாவைத் தொடாதே. இங்கே உன் மதினிக்கு முழங்கால் வலி. எனக்கு அல்லாஹ் கிருபையில் ஒரு குறையும் இல்லை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று மதினியிடம் கேட்டாயாமே. மில்லுக்குள் நிற்கிறவனுக்குப் போன் மணி கேட்குமாடா? அதுவும் போக, வியாபாரப் பேச்சைக் காற்றில் பேசினால் நாளைக்கு 'நீ அப்படிச் சொன்னே, நான் இப்படிச் சொன்னேன்' என்று வரும். கொழும்பிலிருந்து நம் அத்தா எழுதிய கடிதங்களில்தானே நாம் வளர்ந்தோம்? நீயும் எழுது. மதுரைக்கு விமானத்தில் வருகிற நம் ஊர் ஆட்கள் கையில் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் என்னிடம் வந்துவிடும்.

சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். சங்கரபாண்டியன் போன தை மாதம் அறுத்து, மூட்டை கட்டி, பிள்ளையைப் போலப் பாதுகாத்து வைத்திருந்த சீரகச் சம்பா நெல் முழுவதும் நம் பந்தல்குடி மில்லில் அரைத்தாகிவிட்டது. திருச்சுழிக்குக் கிழக்கே கண்மாய் ஒரு தடவை பெருகினால் மூன்று வருசம் அதையே பேசுகிற சீமை. அங்கே போய்ச் சீரகச் சம்பா போட்டவர் முதலில் அவர் ஒருத்தர்தான். இப்போது அவரைப் பார்த்து இருளப்பசாமி தலைமையில் ஒரு குழுவே சேர்ந்திருக்கிறது. அடுத்த வருசம் எல்லாருடைய நெல்லும் நம் மில்லுக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வழக்கம்போல இந்தச் சம்பாவை அரைக்கிற நாளில் மிஷின் பக்கம் வேறு யாரையும் விடவில்லை. பாலிஷ் மிஷின் சத்தத்தை வைத்தே உமி போன பக்குவம், தவிடு போன பக்குவம் சொல்லிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். மற்ற மில்காரர்கள் அரிசியை நொறுக்கிவிட்டு நெல்லைக் குறை சொல்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கொஞ்சம் நொய் விழுந்திருக்கும், அதைப் பெரிதுபண்ணாதே. லாரி நேற்றே தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

உன் மதினி ஸலாம் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்,
ஜமால் மைதீன்


ஷார்ஜா
3 டிசம்பர் 2024

மரியாதைக்குரிய அண்ணனுக்கு முஸாஃபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மதினிக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு வரும்.

அண்ணே, போனில் ஐந்து நிமிசத்தில் முடிகிற விசயத்தை இப்படி எழுத வைக்கிறீர்களே! சரக்கு வந்தது. வழக்கமாக எடுக்கிற நம்ம ஊர் ஹோட்டலில் முதல் மூட்டையைப் பிரித்தோம். சமையல்காரர் மணிகண்டன் சாத்தூர்க்காரர், உங்களுக்குத் தெரியும். ஒரு கை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அரிசியைப் பார்த்தார். "பாய், இதுவா சீரகச் சம்பா? ரேசன் அரிசிக்கே இதைவிட வாசம் உண்டே" என்றார். நான் விடவில்லை. போட்டுப் பாருங்கள், தம் உடைக்கும்போது தெரியும் என்றேன். தம்மை உடைத்தார். போன வருசம் மூடியைத் திறந்தால் தெருவில் போகிறவன் நின்றான். இந்த வருசம் பக்கத்தில் நின்ற எனக்கே வாசம் வரவில்லை. பாதிக்குப் பாதி நொய், கரண்டியை விட்டால் களி மாதிரி வருகிறது. சாப்பிட உட்கார்ந்த ஒருத்தர், "பிரியாணி கேட்டா பொங்கல் கொண்டாந்திருக்கீகளே" என்று சத்தமாகச் சொன்னார். கடை முழுவதும் சிரித்தது. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இத்தனை வருசத்தில் உங்கள் கை அரைத்த அரிசியை ஒருத்தரும் வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. என்ன நடந்தது? எனக்குக் காரணம் வேண்டும். கேட்கிறவர்களுக்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே.

உங்கள் தம்பி,
முஸாஃபர்


அருப்புக்கோட்டை
20 டிசம்பர் 2024

தம்பி முஸாஃபருக்கு ஸலாம். எல்லாரும் சுகம்.

நெல் ஈரம். அவ்வளவுதான் காரணம். எடை ஏறட்டும் என்று பாண்டியன் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறான். ஈர நெல்லை மிஷினில் விட்டால் நொறுங்காமல் என்ன செய்யும்? நம்பி வாங்கினது என் தப்பு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

மழை பெய்து கண்மாயில் தண்ணீர் வந்திருக்கிறது. தைலம் வந்தது.

ஜமால் மைதீன்


ஷார்ஜா
5 ஜனவரி 2025

அண்ணனுக்கு ஸலாம். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. சளி, காய்ச்சல் ஏதும் இல்லையே?

படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பாண்டியன் அண்ணாச்சியா இப்படி? நம் அத்தா காலத்தில் அவர் அய்யா தொடங்கி வைத்த வழக்கம், ஒவ்வொரு ரமலானுக்கும் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஒரு மரக்கால் அரிசியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து, கஞ்சியும் குடித்துவிட்டுப் போகிற மனுசர். யாரைத்தான் நம்புவது!

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே இருளப்பசாமிக்குப் போன் போட்டேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பாண்டியன் அண்ணாச்சி மாதிரி ஈர நெல் கொடுக்கிற ஆள் குழுவில் இருந்தால் குழுவிடமே நாங்கள் நெல் எடுக்க மாட்டோம் என்று பேசினேன். நாலு பேர் கூட இருந்தார்களாம். "பாத்துக்கிடுறோம் தம்பி" என்றார். மானஸ்தன் குழுவில் மானம் கெட்டவனுக்கு என்ன வேலை?

உங்கள் பேருக்கு வந்த களங்கம் தீர்ந்தது, நிம்மதியாக இருங்கள்.

முஸாஃபர்


அருப்புக்கோட்டை
30 ஜனவரி 2025

கொழுந்தன் முஸாஃபருக்கு மதினி சபுரா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. தைலம் தேய்த்து முழங்கால் தேவலை. நீங்கள் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது அவுகளுக்குத் தெரியாது. போனிலேயே சொல்லியிருக்கலாம். அவுக பக்கத்தில் உட்கார்ந்தேகூடச் சொல்லலாம், அவுகளுக்குக் கேட்கப்போவதில்லை. அதனால்தான் சொல்ல முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாக, நான் அவுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை தம்பி.

உங்கள் அண்ணனுக்குக் காது போய்விட்டது. இன்று நேற்று அல்ல, இரண்டு வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. நாற்பது வருச மில் சத்தம் சும்மா விடுமா? முன்னால் நின்று முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் புரிந்துகொள்கிறாக. முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் தெரியாது. பள்ளிவாசலில் சொல்கிற பாங்கு கேட்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் தொழப் போகிறாக. தொழுகையில் பக்கத்து ஆள் குனிந்த பிறகுதான் இவுக குனிவதாக நம் மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மாப்பிள்ளை வந்து சொன்னார். நம் மருமகனே சொல்கிறார், அவுக மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாக. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன, செவிடன்னு பட்டம் கட்டப் பாக்குறியா?" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறாக.

இன்னொன்று. நீங்கள் போனில் ஈர நெல் என்று சொன்னீர்கள். அரைத்த அன்றைக்கே அந்த நெல்லில் கொஞ்சம் மில் மூலையில் சிந்திக் கிடந்தது. சாப்பாடு கொண்டுபோனபோது எடுத்துக் கடித்துப் பார்த்தேன். டக்கென்று இரண்டாக உடைந்தது. ஈர நெல் அப்படி உடையாது, பல்லில் நசுங்கும். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கடித்ததை மட்டும் சொல்கிறேன்.

பாண்டியன் அண்ணனைக் குழுவை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்களாம். பஸ்ஸில் வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதினி,
சபுரா பீவி


ஷார்ஜா
12 பிப்ரவரி 2025

அன்பு அண்ணனுக்கு ஸலாம்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் நான் கிணற்றடியில் விழுந்தபோது, மில்லுக்குள் இருந்த உங்களுக்கு என் கத்தல் கேட்டு ஓடி வந்தீர்கள். ஏனோ அது ஞாபகத்துக்கு வந்தது.

நம் ஊர்க்காரர் ஒருவர் மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருக்கிறார், நல்ல மனுசர். மில்லில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வருசத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு யாரோ சொன்னார்கள், உங்களிடம் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

இந்த வருசம் பாண்டியன் அண்ணாச்சி அறுத்த நெல் என்ன ஆயிற்று? யார் எடுத்தார்கள்? தெரிந்தால் எழுதுங்கள்.

ரமலான் வருகிறது. அண்ணே, மனசில் எதையும் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்காதீர்கள். எனக்காகவும் துஆ செய்யுங்கள், நானும் அதிகமாகப் பேசிவிட்ட ஆள்தான்.

முஸாஃபர்


அருப்புக்கோட்டை
6 மார்ச் 2025

தம்பிக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. மதினிக்கும் சுகம்தான்.

நீ எதற்காகப் பாண்டியனைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று வாரமாக உன் கடிதம் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. நேற்றைய சங்கதியைச் சொல்கிறேன், கேள்.

அந்த அரைப்பில் விழுந்த நொய் மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று கஞ்சியை ஊற்றியதும் ஒருத்தர் எழுந்து நின்று, "ஜமால் பாய் மாதிரி மனசு யாருக்கு வரும்? வெளிநாட்டுக்குப் போற சீரகச் சம்பாவை நோன்பாளிக்குன்னு குடுத்திருக்காக" என்றார். முன்னால் நின்று சொன்னதால் புரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்து துஆ செய்தார்கள். டம்ளரை வாயில் வைத்தேன். கஞ்சி உள்ளே போகவில்லை. வெளியே வந்து ஒரு பூனைக்கு ஊற்றினேன்.

ஒரு மரக்கால் அரிசியோடு அவர் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி வருவார்?

நெல்லில் ஈரம் இல்லை முஸாஃபர்.

அன்றைக்கு மிஷினை இறுக்கி வைத்திருந்திருக்கிறேன். இறுகினால் அதன் சத்தம் கரகரவென்று மாறும், உடனே தளர்த்த வேண்டும். அன்று மாறியதை நான் கவனிக்கவில்லை. அரிசி சூடேறி, நொறுங்கி, வாசமும் போய்விட்டது. மூட்டை கட்டும்போது கையை விட்டேன், சுட்டது. அப்போதே தெரிந்துவிட்டது. வாசலில் லாரி நின்றது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பிறகு நீ காரணம் கேட்டு எழுதினாய். என் கைத்தப்பு என்று எழுதப் பேனாவை எடுத்தேன். ஈர நெல் என்று எழுதிவிட்டேன். எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! ஆடத் தெரியாதவள் கதையை உனக்குச் சொன்னவனே நான்தான். த்தூ!

புது நெல் அவர் களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறதாம். ஒரு மில்காரனும் தொடவில்லை. ஈர நெல்காரன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைத்தவன் இங்கே நல்ல பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

ஜமால் மைதீன்


ஷார்ஜா
11 மார்ச் 2025

அண்ணனுக்கு ஸலாம்.

என்னிடம் சொன்னது போதாது. பேர் கெட்டது எங்கேயோ, அங்கே போய்ச் சொல்லுங்கள். குழு கூடுகிற களத்தில், எல்லார் முன்னாலும். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னவன் நான். என் பங்கை நான் இருளப்பசாமியிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் போன பிறகுதான். நான் முந்திக்கொண்டால் நீங்கள் போக மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

சத்தம் மாறியதைக் 'கவனிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லும்போது சொல்லுங்கள்.

வெயிலில் நோன்போடு போகிறீர்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

முஸாஃபர்


அருப்புக்கோட்டை
19 மார்ச் 2025

தம்பிக்கு ஸலாம். போய்விட்டு வந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறித் திருச்சுழியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். களத்தில் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தார்ப்பாய் போட்ட நெல் அம்பாரம். அதை ஒட்டி, கூட்டத்தோடு சேராமல், பாண்டியன் நின்றார். அவர் களத்திலேயே அவருக்கு உட்கார இடம் இல்லை.

இருளப்பசாமி எழுந்து, "வாங்க பாய், உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் அடைத்துவிடும் என்று பயம். நின்றபடியே சொன்னேன். "பாண்டியன் குடுத்த நெல்லு காஞ்ச நெல்லு. ஈரம்னு சொன்னது பொய். அரிசியை நொறுக்குனது நான். பழியை அவுக தலையில போட்டதும் நான்தான்." இருளப்பசாமி, "நாப்பது வருசமா அரைக்கிறீக, எப்படிப் பாய் தப்புச்சு?" என்று கேட்டார். "வயசாச்சு, அசந்துட்டேன்" என்றேன். அதில் பாதிதான் உண்மை. அங்கேயும் ஒரு துண்டு பொய்யை மிச்சம் வைத்துக்கொண்டேன் பார், அது என்ன ஜென்மமோ.

அப்போது பாண்டியன் என்னைத் தாண்டி நடந்து வந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கையை மட்டும் பார்த்தேன். மேற்கே நீட்டினார். நான் வந்த ரோடு இருக்கிற திசை. போ என்கிறார். நியாயம்தானே? அதற்குத் தகுதியானவன்தான் நான். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. "எங்க நோன்பு தொறந்தீக?" என்று மதினி கேட்டாள். அப்போதுதான் இன்னும் திறக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சொல்லிவிட்டேன். ஆனாலும் லேசாகவில்லை.

ஜமால் மைதீன்


24 மார்ச் 2025

ஜமால் பாய்க்கு சங்கரபாண்டியன் வணக்கம். உங்கள் வீட்டம்மா சுகமா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கம் கிடையாது. உங்கள் தம்பி ஷார்ஜாவிலிருந்து போன் போட்டார். ஸ்பீக்கரில் பேசியதற்கு ஸ்பீக்கரிலேயே மன்னிப்புக் கேட்டார். பிறகு, "அன்னைக்குக் களத்துல அண்ணன்கிட்ட என்ன சொன்னீகளோ அதைத் தாள்ல எழுதி அனுப்புங்க" என்றார். எதற்கு என்றேன். "அதை அவுகதான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் விடுகதை போடுகிறீர்கள். போகட்டும்.

முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். கடைக்குச் சாமான் வாங்கப் போனால், "அண்ணாச்சி வாராக, தராசைத் தொடச்சு வைங்கப்பா" என்று கேலி பேசினார்கள். பொறுத்துக்கொண்டேன். என் மகள் பிரவீணா ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "நெசமாவே தண்ணி தெளிச்சீகளாப்பா?" என்று கேட்டாள். பெற்ற மகள் பாய்! அதை மட்டும் இன்னும் செமிக்க முடியவில்லை.

அதையும்விடச் சுட்டது வேறு ஒன்று. நெல் அரைத்த அன்றைக்குக் கடைசி மூட்டைகளை இறக்கிவிட்டு மில் வாசலில் நின்றேன். மிஷின் சத்தம் மாறியது எனக்கே தெரிந்தது. "பாய், அரிசி ஒடையுது, நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் மிஷினைப் பார்த்தபடியே நின்றீர்கள். மறுபடியும் கத்தினேன். திரும்பவே இல்லை. நெல் விளைவிக்கிற சம்சாரி கத்துவது முதலாளி காதில் ஏறுமா என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பிறகு ஈரம் என்று சொன்னீர்கள். கேட்டும் கேளாதது போல நின்ற மனுசர், இதுவும் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது களத்தில் சொன்னது. நீங்கள் பேசி முடிக்கவும் மேற்கே பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு கேட்கவும் சரியாக இருந்தது. உங்கள் உதடு வெடித்துக் கிடந்தது. "பாங்கு சொல்லிட்டாக பாய். மொதல்ல நோன்பத் தொறங்க, மத்ததைப் பெறகு பேசிக்கிடலாம்" என்றேன். கண் கலங்கிவிட்டது, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாங்கு வந்த பக்கம் கையைக் காட்டினேன். பிரவீணா செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நீங்கள் துண்டை உதறிவிட்டு நடந்துவிட்டீர்கள். "பாய்! பாய்!" என்று நானும் அவளும் பின்னால் கூப்பிட்டோம். நீங்கள் திரும்பவில்லை. செம்போடு நின்ற பிள்ளை, "ஏம்ப்பா, நம்ம தண்ணி ஆகாதா அவுகளுக்கு?" என்று கேட்டாள்.

தப்பைச் சபையில் வந்து ஒப்புக்கொண்ட மனுசர் ஏன் அப்படிப் போக வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சங்கரபாண்டியன்


அருப்புக்கோட்டை
26 மார்ச் 2025

சங்கரபாண்டியன் அவர்களுக்கு ஜமால் மைதீன் ஸலாத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எனக்குக் காது கேட்காது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குத் தெரியும் போலிருக்கிறது, சபுராவுக்கு நிச்சயம் தெரியும், என் வாயால் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சத்தத்தை வைத்தே அரைக்கிறவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனுக்குச் சத்தமே கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் காப்பாற்றத்தான் உங்கள் மானத்தை எடுத்துக்கொண்டேன்.

மில் வாசலில் நீங்கள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பாங்கு கேட்கவில்லை. நோன்பைத் திறங்கள் என்று சொன்னது கேட்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்து, போ என்று விரட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களிடம் அத்தனை நல்ல சொல் அந்த நேரத்தில் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சபுரா வந்து பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உங்கள் நெல்லை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அது பழசாகி அரைக்கிற நாளில் மிஷினுக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். சத்தம் மாறினால் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். கோபம் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்தே தட்டலாம். என்னிடம் கொடுக்க மனசில்லை என்றாலும் அது உங்கள் இஷ்டம், குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நாளை மறுநாள் நோன்போடு வாரேன். அதே களத்துக்கு, அதே நேரத்துக்கு. அன்றைக்கு மிச்சம் வைத்த துண்டு உண்மையை அவர்கள் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் திறக்காத நோன்பை அந்தச் செம்புத் தண்ணீரில் திறக்க வேண்டும்.

பாங்கு சொன்னதும் பிரவீணாவைச் செம்போடு என் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

ஜமால் மைதீன்